“அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க”: காலி செய்யும் முன்பே வாடகை நின்றால்

பிப்ரவரி வரை தேதி தவறாமல் வந்த வாடகை மார்ச்சில் வரவில்லை. ஐந்தாம் தேதி போய், பத்தாம் தேதி ஒரு போன் வருகிறது: “அண்ணா, மே கடைசியில வீட்டைக் காலி பண்றோம். அதுவரைக்கும் அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க.”

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் போன் பழக்கமானது. வரும் காலமும் பெரும்பாலும் இதுவே. மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும், ஜூனில் பள்ளி திறக்கும், வீடு மாறுகிறவர்கள் இடையில் உள்ள இரண்டு மாதத்தில் மாறிவிடுவார்கள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் வேலையை விட்டுவிட்டுக் கோவைக்குப் போகிறவர்களும் அந்த நேரத்தில்தான் கிளம்புகிறார்கள்.

போனுக்கு வீட்டுக்காரர் சொல்லும் பதில் பெரும்பாலும் “சரி, பார்க்கலாம்.” பின்னால் வரும் சிக்கலில் பாதி இந்த ஒரு பதிலில் தொடங்குகிறது. கழித்துக்கொள்வது தப்பில்லை, மறுப்பதும் தப்பில்லை. எது என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்து எழுத்தில் சொல்லாமல் விடுவதுதான் பணத்தையும் மாதங்களையும் தின்கிறது.

குடியிருப்பவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட அவருக்கு இப்போதே பணம் வேண்டும். இந்த வீட்டின் அட்வான்ஸ் சாவி கொடுத்த பிறகு எப்போது வரும், முழுதாக வருமா என்பது அவருக்குத் தெரியாது. பெயின்ட் அடிக்க ஒரு மாதம், கழுவித் துடைக்க இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் நிறையவே இருக்கிறது. அதற்குப் பயந்து முன்கூட்டியே வாடகையை நிறுத்திக்கொள்கிறவர்தான் அதிகம். ஏமாற்றும் எண்ணத்தோடு நிறுத்துகிறவர் குறைவு. இந்த இரண்டு வகைக்கும் ஒரே மருந்து கொடுத்தால் வேலை கெடும்.

அட்வான்ஸ் எந்தத் தேதியில் தீர்கிறது

கோபப்படுவதற்கு முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வாடகை மாதம் 8,000 ரூபாய், அந்தந்த மாதம் 5ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், அட்வான்ஸ் 30,000 என்று வைத்துக்கொள்வோம். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்துக்கு 24,000 போனால் கையில் 6,000. கடைசி கரண்ட் பில் 1,900. உடைந்த வாஷ்பேசின் மாற்ற 2,800. சொன்னபடி மே 31இல் சாவி வந்தால் 1,300 ரூபாய் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் போகிற வீடு கட்டி முடியவில்லை, மாற்றல் உத்தரவு வரவில்லை என்று ஜூலை கடைசி வரை இழுத்தால் இன்னும் 16,000 சேரும். இப்போது 14,700 ரூபாய் வீட்டுக்காரருக்கு வரவேண்டியது. இன்னொரு கரண்ட் பில்லும் சேரும். பிடித்துக்கொள்ளக் கையில் ஒன்றும் இருக்காது.

ஆகவே கண்டுபிடிக்க வேண்டியது அட்வான்ஸ் தீரும் தேதி. பில்லுக்கும் சேதத்துக்குமாக 5,000 ஒதுக்கினால் வாடகைக்கு மிஞ்சுவது 25,000. மார்ச் 1 முதல் எண்ணினால் அது ஜூன் முதல் வாரத்தில் தீர்ந்துவிடும். பாக்கியைக் கட்டச் சொல்லி அனுப்பும் நோட்டீசின் கெடு முடிவதும் அதற்குள் இருக்க வேண்டும். கேரள வாடகைச் சட்டத்தில் கெடு 15 நாள், தபாலுக்கு ஐந்து நாள் சேர்த்தால் மே 14 வாக்கில் நோட்டீஸ் கிளம்ப வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஒரு மாதம், அங்கே ஏப்ரல் கடைசியிலேயே அனுப்பியாக வேண்டும். “மே முடியட்டும், போகிறாரா பார்ப்போம்” என்று காத்திருப்பவர் நோட்டீஸ் எழுத உட்காரும்போது அட்வான்ஸ் தீர்ந்திருக்கும்.

வீடு எந்தப் பக்கம் நிற்கிறது

எல்லைப் பக்கத்தில் இந்தக் கேள்வியில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வீட்டுக்காரர் கோவையில் இருப்பார், வீடு கஞ்சிக்கோட்டில் இருக்கும். அல்லது வீட்டுக்காரர் பாலக்காட்டில், வீடு மதுக்கரையில். குடியிருப்பவரின் ஆதாரில் பொள்ளாச்சி விலாசம். இதில் சட்டத்தைத் தீர்மானிப்பது கட்டிடம் நிற்கும் மண் மட்டுமே. யாருடைய சொந்த ஊர் எது, ஒப்பந்தத்தில் எங்கே கையெழுத்துப் போட்டார்கள் என்பதால் அது மாறாது. “வழக்கு கோவை நீதிமன்றத்தில் மட்டும்” என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டாலும், கேரளத்தில் நிற்கும் வீட்டைக் காலி செய்யக் கோவையில் மனுப் போட முடியாது.

வீடு கேரளத்தில் இருந்தால் பார்க்க வேண்டியது 1965ஆம் ஆண்டின் கேரள கட்டிட (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். இதன் 11(2) பிரிவு வாடகை பாக்கிக்கானது. வாடகை நின்றதும் நேராக மனுப் போட முடியாது. பாக்கியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். அது கிடைத்த, அல்லது வாங்க மறுத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பாக்கியையும் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையும் தபால் செலவையும் அவர் கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகே வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் மனு. அந்த நீதிமன்றமாக இருப்பது முன்சீப் கோர்ட்டுதான். இந்த நோட்டீஸ் இல்லாமல் போட்ட மனு நிற்காது.

மேலே சொன்ன கணக்கில் மே 14 அன்று நோட்டீஸ் எழுதினால், மார்ச் வாடகைக்கு 70 நாள், ஏப்ரலுக்கு 39 நாள், மே மாதத்துக்கு 9 நாள் வட்டி. மூன்றும் சேர்ந்து சுமார் 155 ரூபாய்தான். தொகை சின்னது, ஆனால் மாதவாரியாகப் பிரித்து எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு “மாதம் 2 வட்டி” என்று போட்டுத் தொகையை ஊதினால், எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

இந்தச் சட்டத்தில் இன்னொரு விஷயம் வீட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தாலும் அதை ஒரு மாதம் முடியும் முன் நிறைவேற்ற முடியாது. அந்தக் காலத்துக்குள், அல்லது நீதிமன்றம் நீட்டித்துத் தரும் காலத்துக்குள், பாக்கி, வட்டி, வழக்குச் செலவு எல்லாவற்றையும் அவர் கட்டிவிட்டால் உத்தரவு ரத்தாகிவிடும். அதாவது பாக்கியை மட்டும் காரணமாகக் காட்டிய மனு, பணத்தை வரவழைக்குமே தவிர வீட்டைக் கட்டாயம் வரவழைக்காது. வீடு சொந்தத் தேவைக்கு உண்மையாகவே வேண்டும், உள்வாடகைக்கு விட்டிருக்கிறார் என்பது போன்ற வேறு காரணம் நிஜமாக இருந்தால் அதையும் அதே மனுவில் சேர்ப்பது அதனால்தான். 12ஆம் பிரிவும் முக்கியம்: ஒப்புக்கொண்ட பாக்கியை நீதிமன்றம் சொன்ன காலத்துக்குள் கட்டாமல், வழக்கு நடக்கும்போது சேரும் வாடகையையும் கட்டாமல் அவர் வழக்காட முடியாது. தக்க காரணம் இல்லாமல் தவறினால் மேற்கொண்டு விசாரணையை நிறுத்திவிட்டு வீட்டை ஒப்படைக்க உத்தரவிடலாம். வழக்கு தொடங்கியதும் இந்தப் பிரிவில் மனுப் போடச் சொல்லி வக்கீலிடம் கேட்க வேண்டும்.

இந்தச் சட்டம் கேரளம் முழுவதற்கும் தானாகப் பொருந்துவதில்லை, அரசு அறிவித்த பகுதிகளுக்கு மட்டும்தான். வீடு இருக்கும் பஞ்சாயத்து அதில் வருகிறதா என்று முன்சீப் கோர்ட்டு வக்கீல் ஒருவரிடம் முதல் நாளே கேட்டுவிடலாம். வராவிட்டால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. மாத வாடகை வீட்டுக்கு 15 நாள் நோட்டீஸ், அந்த 15 நாள் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து. பிறகு சிவில் வழக்கு. வீடு, பாக்கி, காலி செய்யாமல் இருந்த நாட்களுக்கான நஷ்டஈடு மூன்றையும் ஒரே வழக்கில் கேட்கலாம் என்பது இதில் உள்ள வசதி. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வரும் வீடு என்றால், பாக்கிப் பணத்துக்கு மட்டும் தனியே சிவில் வழக்குப் போட வேண்டியிருக்கும். இரண்டு நோட்டீசும் 15 நாள் என்பதால் ஒன்று போல் தோன்றும். ஒன்று “பாக்கியைக் கட்டு” என்பது, மற்றது “வாடகை உறவை முடித்துக்கொள்கிறேன்” என்பது. மாற்றி அனுப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வீடு தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது போய்விட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டில் இயற்றிய வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம். இதன் 21(2) பிரிவின்படி இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, கேட்பு நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் அவர் தப்பித்தார். ஆனால் ஒருமுறை அப்படித் தப்பித்தவர், அடுத்த ஒரு வருடத்துக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடி தவறினால் அந்தச் சலுகை கிடையாது. எழுத்து ஒப்பந்தம் போடாமலே இருப்பதும் இந்தச் சட்டத்தில் காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணம்.

அந்த ஒரு “சரி”

இப்போது போனில் சொன்ன பதிலுக்கு வருவோம். “சரி, கழிச்சுக்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டுவிட்டால் வாடகை பாக்கி என்பதே இல்லை, அது கொடுக்கப்பட்டுவிட்டது என்று அவர் வாதாடலாம். பதிலே போடாமல் இருந்தாலும் “போனில் ஒப்புக்கொண்டார்” என்பார்.

ஒப்பந்தத்தில் அட்வான்ஸைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது இங்கே உயிர்நாடி. ஆந்திரத்தின் குடூரில் ஓர் ஓட்டல் கட்டிடம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1989இல் தீர்ப்பானது. பாக்கியை விடக் கூடுதலான முன்பணம் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கும்போது, குடியிருப்பவரை வாடகை தவறியவர் என்று சொல்லி வெளியேற்ற முடியாது என்பது அதன் சாரம். அது ஆந்திரச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்குதான். இருந்தாலும் அட்வான்ஸ் கையில் இருக்கும் எந்த வழக்கிலும் எதிர்த் தரப்பு எடுத்து நீட்டக்கூடிய வாதம் இது. வெறுமனே “முன்பணம் ரூ.30,000” என்று எழுதிய ஒப்பந்தம் இதற்கு முன் பலவீனமாக நிற்கும். “இது டெபாசிட், மாத வாடகையில் கழிக்கக் கூடியதல்ல, வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த பிறகு பாக்கியும் சேதமும் போகத் திருப்பித் தரப்படும்” என்று எழுதியிருந்தால் நோட்டீசுக்குக் கால் இருக்கும்.

ஒப்பந்தம் இதில் மௌனமாக இருக்கிறதென்றால், ஆத்திரத்தோடு கோர்ட்டுக்குப் போவதை விட எழுதி வாங்கிக்கொண்டு கழித்துக்கொள்வதே நல்லது. குடியிருப்பவர் ஏமாற்றுகிறவர் இல்லை என்று தோன்றினாலும் அதுவேதான். ஒரு பக்கம் போதும். எந்தெந்த மாத வாடகை, எவ்வளவு தொகை டெபாசிட்டில் கழிகிறது, மீதி எவ்வளவு, எந்தத் தேதி மாலைக்குள் சாவி, அந்தத் தேதிக்குள் காலி செய்யாவிட்டால் இந்தச் சலுகை ரத்து, மார்ச் முதல் முழு வாடகையும் பாக்கியாகவே கருதப்படும், போகும் இடத்தின் விலாசம், போன் நம்பர், இருவர் கையெழுத்து, சாட்சி இரண்டு பேர். “சலுகை ரத்து” என்ற வரியை எழுத நிறையப் பேர் தயங்குகிறார்கள். அந்த வரி இல்லாத காகிதம் பிற்பாடு குடியிருப்பவர் கையில் ஆயுதமாகும்.

இதோடு ஒரு வாக்குறுதியும் கொடுத்தால் வேலை சுலபமாகும்: சாவி கையில் வரும் அதே மணி நேரத்தில், சேர்ந்து வீட்டைப் பார்த்து முடித்ததும், மீதிப் பணம் போனிலேயே அனுப்பப்படும். தேதியைக் காப்பாற்ற அவருக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். தமிழ்நாட்டுச் சட்டம் டெபாசிட்டைத் திருப்ப ஒரு மாதம் தருகிறது. அந்த ஒரு மாதத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்குத்தான் இந்த மார்ச் மாதப் போன் அதிகம் வருகிறது.

மறுப்பதென்றால் அன்றே ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும்: “ஒப்பந்தப்படி அட்வான்ஸை மாத வாடகையில் கழிக்க இயலாது. மார்ச் வாடகை 8,000 பாக்கி. தேதிக்குள் அனுப்பவும்.” அதில் வசவு எதுவும் வேண்டாம், பழைய குறைகளையும் இழுக்க வேண்டாம்.

நோட்டீஸ் போய்ச் சேரும் வழி

நல்ல நோட்டீஸ் கெடுவது பெரும்பாலும் தபாலில்தான். வாடகை வீட்டு விலாசம், ஒப்பந்தத்திலும் ஆதாரிலும் உள்ள சொந்த ஊர் விலாசம், வேலை செய்யும் இடம் என்று மூன்றுக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டும். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. சட்டம் இன்னும் “பதிவு” என்றே கேட்பதால், கவுண்டரில் பதிவு சேவையையும் டெலிவரி ஒப்புகையையும் கேட்டு வாங்கி, ரசீதில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர வேண்டும்.

திரும்பி வந்த உறையைப் பிரிக்கக் கூடாது. “வாங்க மறுத்தார்” என்று தபால்காரர் எழுதியது கேரளச் சட்டத்தில் கிடைத்ததற்குச் சமம். “கதவு பூட்டியிருந்தது”, “ஆள் இல்லை” என்பவை அவ்வளவு பலமில்லை. அப்படி வந்தால் அதே நோட்டீசை வீட்டுக் கதவில் ஒட்டி, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வைப்பது தபாலுக்குத் துணையாக நிற்கும். வாட்ஸ்அப் மட்டும் போதாது. அந்தச் செய்திகளைக் கோர்ட்டில் காட்ட, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், ஆகவே போனை மாற்றும்போது அந்த உரையாடலை அழித்துவிடக் கூடாது.

எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் மொழி. கேரளக் கோர்ட்டில் நோட்டீசும் மனுவும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும். குடியிருப்பவர் தமிழ் மட்டும் படிக்கிறவர் என்றால் அதே நோட்டீசின் தமிழாக்கத்தையும் உறையில் வைத்தால் “புரியவில்லை” என்ற பேச்சு எழாது. ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். மலையாளத்தில் அடித்த வாடகைச் சீட்டில், தமிழ் தவிர வேறெதுவும் படிக்கத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்குவது பின்னால் சண்டைக்கு வழி. முத்திரைத் தாளும் வீடு நிற்கும் மாநிலத்தினுடையதாக இருக்க வேண்டும். கோவையில் வாங்கிய தாளில் கஞ்சிக்கோட்டு வீட்டுக்கு எழுதிய ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் காட்டும் அன்று, குறைந்த தீர்வையையும் அபராதத்தையும் கட்டிய பிறகே அது சாட்சியத்தில் ஏறும்.

நோட்டீஸ் போன பிறகு திடீரென்று 4,000 ரூபாய் போனில் வந்து விழும். திருப்பி அனுப்பவேண்டியதில்லை. ஆனால் எந்த மாதக் கணக்கில் என்பதைக் கவனிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, கொடுப்பவர் “மே வாடகை” என்று குறித்து அனுப்பினால் அது மே கணக்குக்கே. அவர் ஒன்றும் குறிக்காவிட்டால் வாங்குகிறவர் பழைய பாக்கியில் வரவு வைக்கலாம். அன்றே “4,000 கிடைத்தது, மார்ச் பாக்கியில் வரவு, நோட்டீஸ் அப்படியே நிற்கிறது” என்று பதில் அனுப்ப வேண்டும். 106ஆம் பிரிவு நோட்டீஸ் என்றால் இது இன்னும் முக்கியம். நோட்டீசுக்குப் பிறகு வாடகையைப் பேசாமல் வாங்கிக்கொண்டால், நோட்டீசை வீட்டுக்காரரே கைவிட்டதாக அதே சட்டத்தின் 113ஆம் பிரிவைக் காட்டி வாதிடலாம்.

கை வைக்கக் கூடாதவை

வீட்டுக்காரர் பணத்தையும் பேரையும் சேர்த்து இழப்பது பெரும்பாலும் பூட்டு, ஃபியூஸ், தண்ணீர் மோட்டார் இந்த மூன்றில்தான். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பக்கம் போர்வெல் தண்ணீரை நம்பிய வீடுகளில், மோட்டார் சுவிட்ச் வீட்டுக்காரர் கையில் இருக்கும். இரண்டு நாள் மோட்டார் போடாவிட்டால் போதும், கேரளச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் குடியிருப்பவர் மனுப் போட்டுத் தண்ணீர் வசதியைத் திரும்பப் பெறலாம். “கரண்ட் இணைப்பு என் பேரில்தானே இருக்கிறது” என்று மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்துத் துண்டிக்க வைப்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

பூட்டுப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட தீர்வழிச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்ட எவரும் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது. அந்த வழக்கில் வீடு யாருடையது என்பதே கேள்வி இல்லை, யார் குடியிருந்தார், எப்படி வெளியேற்றப்பட்டார் என்பது மட்டுமே. மூன்று மாத வாடகை கொடுக்காதவர் அங்கே வழக்கு போட்டவராகவும், வீட்டுக்காரர் பதில் சொல்கிறவராகவும் மாறிவிடுவார்கள். பைக்கையோ, காஸ் சிலிண்டரையோ, பிள்ளையின் சான்றிதழையோ பாக்கிக்காகப் பிடித்து வைக்கவும் உரிமை கிடையாது, அது போலீஸ் வழக்காகும். போலீஸில் புகார் கொடுத்து வாடகை வசூலிக்கவும் முடியாது. வாடகை சிவில் விஷயம், ஸ்டேஷனில் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசலாமே தவிர காலி செய்ய வைக்க அவர்களுக்கு அதிகாரமில்லை.

இன்னொரு வகை, சொல்லாமல் போய்விடுவது. கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே கட்டிலும் பாத்திரமும் இருக்கின்றன, போன் எடுப்பதில்லை. இது காலி செய்த வீடு ஆகாது. பூட்டை உடைத்தால், உள்ளே இருந்த நகை போய்விட்டது என்ற புகாருக்கு வழி திறந்தாயிற்று. முதல் முயற்சி எப்போதும் ஒரு செய்தி வாங்குவது: “இன்ன தேதியில் வீட்டை விட்டுவிட்டேன், உள்ளே உள்ள பொருளில் எனக்கு உரிமை இல்லை, வீட்டுக்காரர் திறந்துகொள்ளலாம்.” அந்த ஒரு வரி வந்தால், இரண்டு அக்கம்பக்கத்தார் முன்னிலையில் வீடியோ எடுத்துக்கொண்டே திறந்து, பொருள்களைப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கலாம். வராவிட்டால் கோர்ட்டு வழியேதான். கேரளச் சட்டத்தில் தக்க காரணமின்றித் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருக்காமல் விடுவது தனியாகவே ஒரு காரணம். அதற்குச் சாட்சி, அசையாமல் நிற்கும் கரண்ட் மீட்டர். மாதம் ஒருமுறை மீட்டரைப் போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

சாவி வாங்கும் நாள்

சண்டை இல்லாமல் வந்த குடும்பங்களும் முறைத்துக்கொண்டு பிரிவது இந்த ஒரு மணி நேரத்தில். சாமான் வண்டியில் ஏறிய பிறகு, வீடு காலியாக இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். குடி வந்த நாளில் எடுத்த போட்டோக்கள் இருந்தால் பேச்சு பாதியாகக் குறையும்.

எது சேதம், எது பழசானது என்று பிரிப்பதில்தான் நியாயம் இருக்கிறது. சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவே இயல்பான தேய்மானத்தைக் குடியிருப்பவர் தலையில் கட்டவில்லை. நாலு வருடம் குடியிருந்த வீட்டில் பெயின்ட் மங்கியது தேய்மானம். சுவரில் பிள்ளை கிறுக்கியதும், டிவி மாட்டத் துளைத்த எட்டு ஓட்டையும் சேதம். ஜூன் மழையில் மேற்குச் சுவரில் ஓதம் இறங்கியது கட்டிடத்தின் குறை, அதற்குக் குடியிருப்பவரிடம் பணம் கேட்பது அநியாயம். மோட்டார் எரிந்ததில்தான் உண்மையான வாக்குவாதம் வரும். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போய் வெறுமனே ஓடி எரிந்ததா, பார்க்காமல் இரவெல்லாம் ஓட விட்டார்களா என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கினால் முடிந்துவிடும். ஒப்பந்தத்தில் இல்லாத “பெயின்ட் கூலி ஒரு மாத வாடகை” என்பதை வழக்கம் என்று சொல்லிப் பிடிக்கக் கூடாது. வேண்டுமென்றால் குடி வரும்போதே எழுத வேண்டும்.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் காலி செய்யும் நாள் நடுவில் விழும். மீட்டரைப் போட்டோ எடுத்து, கடைசி பில்லின் ரீடிங்கிலிருந்து எத்தனை யூனிட் என்று கணக்கிட்டு, அந்த யூனிட்டுக்கு மட்டும் ஸ்லாப்படி தொகையைப் போட வேண்டும். முழு பில் வந்த பிறகு நாள் கணக்கில் பிரித்தால், புதிதாக வந்தவரின் ஏசி செலவில் ஒரு பங்கு பழையவர் மேல் ஏறும். சாவி எத்தனை கொடுத்தோமோ அத்தனையும், கேட் சாவி, மொட்டைமாடிச் சாவி உட்பட, எண்ணி வாங்க வேண்டும். பிறகு ஒரு சீட்டு: இன்ன தேதி, இன்ன மணிக்கு வீடு ஒப்படைக்கப்பட்டது, டெபாசிட் இவ்வளவு, கழித்தது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, இனி இருவருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. பாக்கி இருந்தால் அந்தத் தொகையையும் எந்தத் தேதிக்குள் தருவார் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அப்படி நிற்கும் பாக்கிக்குச் சிவில் வழக்குப் போட, ஒவ்வொரு மாத வாடகையும் பாக்கியான நாளிலிருந்து மூன்று வருடம் காலம் உண்டு. மார்ச் வாடகைக்கும் ஜூலை வாடகைக்கும் கெடு தனித்தனி. ஆனால் 14,700 ரூபாய்க்கு வழக்குப் போட்டு வருடங்களைக் கழிப்பதை விட, தாலுக்கா சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்றைக் கொடுப்பது நல்லது. கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. எதிர்த் தரப்புக்கு அங்கிருந்தே நோட்டீஸ் போகும். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் ஒப்புக்கொண்டு எழுதும் தீர்ப்பு, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணைக்கு (டிக்ரி) சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. மாதம் 3,000 வீதம் தவணை என்று எழுதிக்கொண்டு அவர் கட்டாவிட்டால் நேராக நிறைவேற்று மனுப் போடலாம். எதிர்த் தரப்பு வரவே மறுத்தால் இந்த வழி மூடிவிடும், அப்போது மிஞ்சுவது முன்சீப் கோர்ட்டு. அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியவை வாடகைச் சீட்டு, நோட்டீசின் நகல், திரும்பி வந்த உறை, மீட்டர் போட்டோ, மார்ச் மாதம் அன்றே எழுதி அனுப்பிய அந்த ஒரு வரி பதில்.